வெடி அறையில் வைத்த ஊசி மருந்து

ஓர் ஊரில் நான்கு மாதம் சேர்ந்தாற்போல் நான் தங்கியது என் வாழ்க்கையில் அபூர்வம். அப்படித் தங்கிய இடங்களில் ஒன்று, ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் இடையில் மண்பாதை பிரிந்து போகும் ஒரு கல்குவாரி. தங்கியதற்குக் காரணம் ஒரு நாயின் குடல்.

எண்பதுகளின் தொடக்கம். ஆறாம் வகுப்போடு வீட்டை விட்டு வந்தவன் நான். பெங்களூரில் ஓட்டல் மேசை துடைத்தேன், மரக்காணத்தில் உப்பு வாரினேன், ஒரு சர்க்கஸ் கம்பெனியோடு கூடாரக் கயிறு இழுத்துக்கொண்டே ஆந்திரா வரை போனேன். கடைசியாக லாரி கிளீனர். அந்த டிரைவருக்கும் எனக்கும் ஸ்ரீபெரும்புதூரில் வாய்த்தகராறு வந்தது. அவன் என் பையைத் தூக்கி ரோட்டில் போட்டுவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பின்னால் வந்த ஜல்லி லாரியில் ஏறி, "லோடு ஏத்த ஆள் வேணுமா?" என்று கேட்டேன். வேண்டும் என்றார்கள். பத்து நாள் இருந்து பஸ் காசு சேர்ந்ததும் கிளம்புவதாகத்தான் கணக்கு.

படுக்க இடம் கொடுத்தவர் குவாரியில் டிரில் பிடிக்கும் ஒருவர். ஐம்பதை நெருங்கும் வயது. கம்ப்ரஸர் காற்றில் ஓடிப் பாறையில் துளை போடுகிற அந்த மெஷினை வருடக்கணக்காகப் பிடித்துப் பிடித்து இரண்டு காதும் போய்விட்டன. வலது காதோடு வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும். மற்றபடி உதட்டைப் பார்த்து ஊகிப்பார். மனைவி இறந்துவிட்டாள்; ஒரே மகளைக் குன்றத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார். குவாரி ஓரத்தில் ஓலைக் குடிசை. அதில் அவரும் ஒரு பெட்டை நாயும். செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். பெயர் கிடையாது. கூப்பிட வேண்டுமானால் தொடையில் தட்டுவார், வந்துவிடும். நான் அவரை அண்ணாத்தே என்று கூப்பிட்டேன். அவருக்கு அது கேட்டதா என்பது வேறு விஷயம்.

குவாரியில் நாளுக்கு இரண்டு முறை வேட்டு. உச்சிப்பொழுதில் ஒன்று, சாயங்காலம் வேலை முடியும்போது ஒன்று. மேஸ்திரிதான் துளைக்குள் வெடித் தோட்டாவை இறக்கித் திரி வைப்பவர். முதலில் ஒரு விசில் ஊதுவார். எல்லோரும் சாமானைப் போட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். இரண்டாவது விசிலுக்குப் பள்ளத்தில் யாரும் இருக்கக் கூடாது. மூன்றாவது விசிலுக்குத் திரி எரிய ஆரம்பித்திருக்கும்.

அண்ணாத்தைக்கு இந்த மூன்றில் ஒன்றும் கேட்காது. முதல் விசில் ஊதியதும் அந்த நாய் எங்கே படுத்திருந்தாலும் எழுந்து ஓடி வரும். அவர் லுங்கியின் ஓரத்தைக் கவ்வி இழுக்கும். குனிந்து துளை போட்டுக்கொண்டிருக்கிறவர் அப்படியே மெஷினை நிறுத்திவிட்டு அதன் பின்னாலேயே ஏறிப் போவார். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அவருடைய லுங்கிகள் எல்லாமே இடது பக்கம் கிழிந்திருக்கும்.

"நாய்னா இது நாயி," என்பார் மேஸ்திரி. "உங்கள்ல பாதிப் பேரு விசில் ஊதனப்புறம் கூட பீடிய முடிச்சுட்டுத்தான் வர்றீங்கோ."

நான் வந்து இரண்டாவது வாரம் நாய் சாப்பாட்டை விட்டது. முதலில் வாந்தி. பிறகு கழிச்சல், கறுப்பாக, தார் போல. பூச்சி என்று முடிவு செய்து வேப்பங்கொழுந்து அரைத்துப் புகட்டினோம். விளக்கெண்ணெய் கொடுத்தோம். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் மத்தியானம் விசில் ஊதியபோது எழுந்தது, நாலடி நடந்தது, உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது விசிலும் ஆயிற்று. அண்ணாத்தே கீழே துளை போட்டுக்கொண்டிருந்தார். நான் மேலிருந்து கத்தினேன். பிறகுதான் புத்தி வந்து பள்ளத்தில் இறங்கி ஓடி அவர் கையைப் பிடித்து இழுத்தேன். மேலே ஏறியதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. நாயைத் தேடினார்.

மேஸ்திரி ஓடி வந்தார். "அண்ணாத்த, இந்த நாயி சரியாவற வரிக்கும் நீ பள்ளத்துல எறங்காத. எனுக்கு ஜெயிலுக்குப் போற வயசு இல்ல," என்று காதில் கத்தினார்.

"நான் எறங்கறது எறங்காதது இருக்கட்டும்," என்றார் அவர், ஊருக்கே கேட்கிற குரலில். "இவளுக்கு இன்னா ஆச்சுன்னு பாரு."

பக்கத்தில் ஓர் ஊரில் ஒற்றை அறையில் கால்நடை டாக்டர் ஒருவர் இருந்தார். மாட்டுக்குச் சினை ஊசி போடுவதுதான் அவருக்கு முக்கால்வாசி வேலை. நாயைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் கிடத்தினோம். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. என் கையை எடுத்து அங்கே வைத்தார். தோலுக்கு உள்ளே, எலுமிச்சம்பழம் அளவுக்கு, நழுவி நழுவிப் போகும் ஒன்று.

"பூச்சி இல்ல. குடல்ல கட்டி. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, வயித்தைத் திறந்து பாப்பாங்க. நான் சீட்டு எழுதித் தரேன்."

அண்ணாத்தைக்கு நான் சொன்னேன். "தொறந்தா மறுபடி மூடுவாங்களா?" என்று கேட்டார். மூடுவார்கள் என்றேன். "அப்ப சரி."

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். தினமும் விடியற்காலை பட்டணத்துக்குப் போகிற ஜல்லி லாரியின் முன்பக்கத்தில் அவர் மடியில் அது படுத்துக்கொண்டு போயிற்று. படப்பை, தாம்பரம் வழி. அன்று அதற்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியிருந்ததால் நாங்களும் டீ குடிக்கவில்லை. டிரைவர் மட்டும் குடித்துவிட்டு வந்து வாயைத் துடைத்துக்கொண்டார், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. தெற்கத்திப் பேச்சு. சுற்றிலும் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். நாய்க்கு வெள்ளையாக ஏதோ குடிக்கக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து அந்தம்மா எங்களுக்கும் காட்டினார். வெள்ளை ஓடை ஒன்று வளைந்து வளைந்து வந்து, ஓரிடத்தில் நூலாகச் சுருங்கியது.

"இந்தா, இங்கனதான் அடைச்சிருக்கு. ரெண்டு பக்கமும் நல்ல குடலா பாத்து வெட்டி, இந்தத் துண்டை எடுத்துட்டு, மிச்சத்தை ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தைப்போம்."

நான் கையால் வெட்டிக் காட்டி, சேர்த்துக் காட்டினேன். அண்ணாத்தே புரிந்துகொண்டார். "கம்ப்ரஸர் பைப்பு வெடிச்சா நாம செய்வோமே, அத்த மாதிரி. காத்து போவாம பாத்துக்கோங்கம்மா."

"அதேதான்," என்றார் டாக்டரம்மா. "காத்தும் போகக் கூடாது, தண்ணியும் போகக் கூடாது."

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அண்ணாத்தே வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். வேண்டுதலையும் அவர் மெதுவாகச் சொல்லத் தெரியாதவர், ஆகவே பக்கத்தில் ஆட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாயை வெளியே கொண்டு வந்தபோது வயிறு முழுக்க மழித்து, நடுவில் கறுப்பு நூல் தையல் வரிசையாக இருந்தது. அவர் பார்த்துவிட்டு, "நான் எனுக்குதான் மொட்ட வேண்டிக்கினேன். இவளுக்குப் போட்டுட்டாங்கோ," என்றார். அப்போதுதான் அழுதார்.

ஐந்து நாள் அங்கேயே ஒரு கொட்டகையில் இருந்தோம். முதல் இரண்டு நாள் நரம்பில் ஏற்றுகிற பாட்டில் தண்ணீர் மட்டும். பிறகு கஞ்சித் தெளிவு, மணிக்கு இரண்டு ஸ்பூன். ஆஸ்பத்திரியில் அடிக்கிற மணி அவருக்குக் கேட்காது, நான்தான் ஒவ்வொரு மணிக்கும் அவரைத் தட்ட வேண்டும். ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வந்தபோது, வெட்டி எடுத்த துண்டைச் சோதித்த முடிவு வந்திருந்தது. டாக்டரம்மா எங்களை உட்காரச் சொன்னார்.

"புத்துநோய்தான். கேன்சர். கட்டியை எடுத்தாச்சு. ஆனா இந்த மாதிரி கட்டி கண்ணுக்குத் தெரியாம வேற இடத்துலயும் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஊசி போடணும். வாரம் ஒண்ணு, எட்டு வாரம். போட்டாலும் உறுதி சொல்ல முடியாது. போடலேன்னா ரெண்டு மூணு மாசத்துல திரும்பி வந்துரும்."

நான் காதில் சொன்னேன். அண்ணாத்தே டாக்டரம்மாவையே பார்த்தார். "இன்னாம்மா இது. நாய்க்குக் கூடவா கேன்சர் வரும்? அது பீடி கூடப் புடிச்சதில்லியே."

"நீங்க பிடிப்பீங்களோ?"

அதையும் காதில் சொன்னேன். "நான் புடிச்சா எனுக்குத்தானே வரணும்?" என்றார். படிக்கிற பிள்ளைகளில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "முன்னங்கால் நரம்புல ஏத்துற மருந்து. நரம்புக்கு வெளிய ஒரு சொட்டு சிந்தினாலும் சதை வெந்து போகும். குணமாக்குற மருந்துதான், ஆனா பொல்லாத மருந்து. கவனமா கையாளணும்," என்றார்.

முதல் ஊசியை அங்கேயே போட்டார்கள். வாராவாரம் அவ்வளவு தூரம் நாயைக் கொண்டு வர முடியாது என்றோம். மீதியை எங்கள் மாட்டு டாக்டரே போடலாம் என்று அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். மருந்தை நாங்கள்தான் வெளியே வாங்க வேண்டும். மனிதர்களுக்கு விற்கிற மருந்துக் கடையில்தான் கிடைத்தது. மனிதர்களுக்குப் போடுகிற அதே மருந்து. சுண்டு விரல் உயரத்தில் நான்கு கண்ணாடிக் குப்பிகள், ஒன்று இரண்டு வாரத்துக்கு வரும். காசு எப்படியோ புரண்டது. கடைக்காரர் குப்பிகளை ஐஸ் துண்டுகளோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

கொடுக்கும்போது அவர் சொன்னது எனக்கு இன்றும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "போன உடனே ஃபிரிட்ஜ்ல வெச்சிரு. ஃபிரீஸர்ல வைக்காத."

நான் தலையாட்டினேன்.

குவாரியில் நான் படித்தவன். கடிதம் வந்தால் நான்தான் வாசிப்பேன். குப்பி லேபிளில் இருந்த இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அண்ணாத்தே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், புரிந்தவன் மாதிரி இன்னொரு முறையும் தலையாட்டினேன். குவாரியில் யாருக்கு ஃபிரிட்ஜ்? மின்சாரமே மோட்டாருக்கும் கம்ப்ரஸருக்கும்தான். இதைக் கடைக்காரரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஃபிரிட்ஜ் என்றால் குளிர்ச்சியான இடம் என்றுதானே அர்த்தம், குளிர்ச்சியான இடமாகப் பார்த்து வைத்தால் போயிற்று என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஐஸ் படப்பைக்கு முன்னாலேயே கரைந்துவிட்டது.

ஊர் சேர்ந்ததும் மேஸ்திரியிடம் சொன்னேன்: குளிர்ச்சியாக இருக்க வேண்டும், வெயில் படக் கூடாது, சிந்தினால் சதை வெந்துவிடும், பொல்லாத சாமான்.

மேஸ்திரி குப்பியைக் கையில் வாங்கவில்லை. தூரத்தில் இருந்தே பார்த்தார். "அப்டின்னா இது வூட்டுல வெக்கிற சாமான் இல்ல நைனா. எங்கிட்ட வுடு."

குவாரியில் அப்படிப்பட்ட சாமானுக்கு ஒரே ஓர் இடம்தான். வெடி அறை. ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாக, இரண்டு புங்க மரத்துக்குக் கீழே, இரண்டடி கனத்துக்குக் கருங்கல் சுவர். ஜன்னல் இல்லை. தரையில் மணல். உள்ளே போனால் சித்திரை மாதத்திலும் உடம்பு சில்லென்று இருக்கும். தோட்டாக்கள் ஒரு மூலையில். அவற்றை வெடிக்க வைக்கும் கேப்புகள் இன்னொரு மூலையில் மணல் நிரப்பிய மரப்பெட்டியில். சாவி மேஸ்திரியின் அரைஞாணில். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நான்கு குப்பிகளையும் பருத்தியில் சுற்றி, கேப்புப் பெட்டி மணலில் நட்டு வைத்துவிட்டு வந்து பூட்டினார். அவர் முகத்தில் ஒரு நிறைவு. "இருவது வருசமா ஒரு கேப்பு வீணானதில்ல. இது மட்டும் வீணாவுமா?" என்றார். ஊரிலேயே பத்திரமான இடம் அதுதான் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை நான்கு பேர் போனோம், நாயைச் சேர்த்து. மாட்டு டாக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நாயின் ஈறைத் தூக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். முன்னங்காலில் முடியை மழித்தார். பிறகு குப்பியைக் கேட்டார். மேஸ்திரி துணியைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"வெதுவெதுன்னு இருக்கே. எங்க வெச்சிருந்தீங்க?"

"வெடி ரூம்புல சார்," என்றார் மேஸ்திரி. "கேப்புப் பொட்டில. நானே பூட்டி, நானே தொறந்தேன்."

"கேப்புப் பொட்டியிலயா?"

"ஆமா சார். மணல் போட்டுக் கீது. ஜில்லுனு கீது. ஒரு பய கிட்ட வர மாட்டான்."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். வெளியே மாடு பிடித்துக்கொண்டு நின்றவர் எட்டிப் பார்த்தார். பிறகு டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. "இது ஃபிரிட்ஜ்ல வைக்கிற மருந்துய்யா. நான் மாட்டுத் தடுப்பூசியையே தெர்மாஸ்ல கொண்டாந்து அன்னிக்கே போட்டு முடிக்கிறேன். உங்க ரூம்பு உங்களுக்கு ஜில்லுனு இருக்கும், மருந்துக்கு அது அடுப்பங்கரை. கடையில யாரும் சொல்லலையா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. கடைக்காரன் சொல்லவில்லை என்று சொன்னால் யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? ஆனால் மேசை மேல் அந்த நாய், மழித்த காலை நீட்டிக்கொண்டு, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"சொன்னாங்க சார். நான்தான் இவங்ககிட்ட சொல்லல."

"படிச்சவன்னு உன்ன அனுப்பிச்சா, நீ எங்க ரூம்புக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டியேடா!" என்றார் மேஸ்திரி.

அண்ணாத்தே எங்கள் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாவாம்? ஏன் போடலை?"

வேறு வழியில்லை. நான் செய்த தப்பை நானே அவர் காதில் கத்த வேண்டியிருந்தது. அவருக்குக் கேட்கிற சத்தத்தில் கத்தினால் ரோட்டுக்கே கேட்கும். "ஃபிரிட்ஜ்ல வெக்கச் சொன்னாங்க! நான் சொல்லல! மருந்து கெட்டுப் போயிருக்கும்!" மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை வெளியே மாட்டுக்காரர், "கெட்டுப் போச்சாம்பா," என்று பக்கத்து ஆளுக்கு எடுத்துச் சொன்னார்.

கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் வீரியம் இருக்கிறதா என்று தெரியாத மருந்தை அவர் போட மாட்டார். பாதி வீரியம் உள்ள ஊசியைப் போட்டு வாரத்தை ஓட்டினால் நோய் நமக்கு முன்னால் ஓடிவிடும் என்றார். இரண்டு நாள் தாமதமானால் பரவாயில்லை. அதற்கு மேல் வேண்டாம்.

அண்ணாத்தே திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பியிருப்பேன். இதற்கு முன் பல ஊர்களில் அப்படித்தான் செய்திருந்தேன். அவர் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "பட்டணத்துக்கு அடுத்த பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

டீக்கடைப் பெரிய தெர்மாஸை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு என்னை நினைவிருந்தது. இந்த முறை அவர் சொல்வதற்கு முன்னாலேயே, "எங்ககிட்ட ஃபிரிட்ஜ் இல்லீங்க," என்றேன். சொல்வதற்கு அவ்வளவுதான் நேரம் ஆயிற்று. "முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றவர், இரண்டு குப்பிதான் கொடுத்தார். மீதி தேவைப்படும்போது வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். தெர்மாஸ் கழுத்து வரை ஐஸ் நிரப்பி, குப்பியை மேலே எப்படித் தொங்கவிட வேண்டும் என்று நூல் கட்டிக் காட்டினார்.

இனி ஃபிரிட்ஜ் வேண்டும். பஸ் நிறுத்தத்துக் கூல்டிரிங்க்ஸ் கடைக்காரனிடம் கேட்டோம். "சோடா குடிக்கற பொட்டில நாய் மருந்தா? வெளிய தெரிஞ்சா எவன் வருவான்?" என்றான். கடைசியில் இடம் கொடுத்தது டிரங்க் ரோட்டில் இருந்த பிராந்திக்கடைக்காரர். குவாரி ஆட்கள் அவருக்கு வேண்டியவர்கள். ஒரு டிபன் பாக்ஸில் குப்பிகளைப் போட்டு மேலே நாயின் படம் ஒன்றை யாரோ கரியால் வரைய, பீர் பாட்டில்களுக்கு நடுவில் வைத்தோம். புதன்கிழமை தோறும் அதை எடுத்து வர மேஸ்திரி வேறு யாரையும் விடவில்லை. "உங்கள அனுப்பிச்சா டிபன் பாக்ஸ் மட்டும்தான் திரும்பி வரும்," என்றார். அவரும் சில புதன்கிழமைகளில் ஒரு மாதிரி மணத்தோடுதான் வந்தார்.

இரண்டு நாள் தள்ளி, அந்தப் புதன்கிழமை இரண்டாவது ஊசி போட்டாயிற்று. அசைந்தால் மருந்து நரம்புக்கு வெளியே போய்விடும் என்பதால் காலை யாராவது இரும்பு மாதிரிப் பிடிக்க வேண்டும். நான் பிடித்தால் நாய் காலை உருவிக்கொண்டது. மேஸ்திரி என்னை நகர்த்திவிட்டு, "தோட்டா எறக்கற கைய்யி இது," என்று உட்கார்ந்தார். டாக்டர் ஊசியை ஏற்றிய அந்த இரண்டு நிமிடம் அவர் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை. நான் தலைமாட்டில் நின்று அதன் வாயை மூடிப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் இதே ஏற்பாடு: காலுக்கு மேஸ்திரி, வாய்க்கு நான், காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்க அண்ணாத்தே. தன் குரல் தனக்கே கேட்காத மனிதர் அந்த நாயின் காதில் என்ன சொன்னார் என்று தெரியாது. அப்போது மட்டும் அவர் மெதுவாகப் பேசினார்.

ஊசி போட்ட மறுநாளும் அதற்கு மறுநாளும் நாய் சோற்றைத் திரும்பிப் பார்க்காது. மூன்றாம் நாள் கஞ்சி நக்கும். நான்காம் வாரம் மீசை முடி உதிர்ந்துவிட்டது. மீசை இல்லாத நாய் எப்படி இருக்கும் என்று நான் அதற்கு முன் யோசித்ததில்லை. திருமணத்துக்குப் போகிற ஆள் போல ஒரு களை வந்துவிட்டது. மலம் இறுகிக் கஷ்டப்பட்டது. டாக்டர் சொன்னபடி கஞ்சியில் எண்ணெய் விட்டோம். குவாரியில் ஒவ்வொருவனும் அதைத் தேற்றுவது தன் பொறுப்பு என்று நினைத்து ஆளுக்கொரு துண்டு கருவாடு கொண்டு வந்தான். அண்ணாத்தே குடிசை வாசலில் குச்சியோடு உட்கார்ந்து அவர்களை விரட்டினார்.

இதற்கிடையில் அவரைப் பள்ளத்துக்குள் இறக்காமலேயே வைத்திருக்கவும் முடியாது. டிரில் பிடிக்கத் தெரிந்தவர் அவர்தான். கொஞ்ச நாள் நாங்கள் முறை வைத்துக்கொண்டு விசில் ஊதும்போதெல்லாம் இறங்கி அவர் லுங்கியை இழுத்தோம். யாராவது மறந்துவிட்டால் என்ன ஆவது என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருநாள், சர்க்கஸில் வேலை செய்த பழக்கத்தில், பள்ளத்தின் எதிர்ச் சுவருக்கு மேலே ஒரு சவுக்குக் கம்பத்தை நட்டுக் கயிறு கட்டிச் சிவப்புத் துணியை ஏற்றி இறக்கும்படி செய்தேன். துளை போடுகிறவர் தலையைத் தூக்கினால் கண்ணில் பட்டே தீரும். விசிலோடு துணியும் ஏறும். இரண்டு நாளில் பழகிவிட்டது.

மேஸ்திரிக்குப் பரம திருப்தி. அவர் கெட்ட மனிதர் அல்ல. ஐந்தாம் ஊசிக்கு முன்னால் ஒரு மத்தியானம், நாய் அன்றைக்கு மூன்றாவது முறையாக வாந்தி எடுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். "அண்ணாத்த, கொடிதான் வந்துட்ச்சே. இனிமே இது வேலைக்கு வரணும்னு இல்ல. இன்னாத்துக்கு இத்த இப்பிடிப் போட்டுக் குத்திக்கினு? வுட்டா நிம்மதியா போய்ச் சேரும்ல?"

நான்தான் காதில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அண்ணாத்தே வாந்தியை மண்ணள்ளிப் போட்டு மூடிவிட்டு நிதானமாகத் திரும்பினார்.

"எம்பொண்ணு வூட்டுக்குப் போனா நான் ஒண்ணியும் வேலை செய்யறதில்ல. குந்திக்கினு சோறு துன்னுட்டு வரேன். அவ என்ன வெளிய தள்ளிட்டாளா?"

 அந்தப் புதன்கிழமை மேஸ்திரி பிராந்திக்கடைக்கு விடியற்காலையிலேயே போய்க் கடை திறக்கும் வரை வாசலில் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

ஆறாவது ஊசிக்குப் பிறகு மறுநாளே சோறு தின்றது. ஏழாவதுக்குப் பிறகு லாரி டயரைத் துரத்தியது. எட்டாவது ஊசி போட்ட அன்று டாக்டர் அதை மல்லாக்கப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு வயிறு முழுக்கத் தடவினார். முதல் நாள் போலவே நிதானமாக, ஓர் அங்குலம் விடாமல். எங்கள் மூன்று பேர் கண்ணும் அவர் விரலில். எங்கேயும் நிற்கவில்லை. தையல் போட்ட இடத்தில் மட்டும் ஒரு வரம்பு.

"இப்போதைக்குக் கைக்கு எதுவும் தட்டுப்படல. திரும்பி வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆறு மாசமோ, ஒரு வருசமோ, அதுக்கு மேலயோ. சாப்பிடுற வரைக்கும் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

நான் காதில் சொன்னேன், ஒரு வார்த்தையும் விடாமல். அந்த இரண்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்: யார் எதைச் சொன்னாலும் முழுதாகக் கொண்டு போய்ச் சேர்ப்பது. அண்ணாத்தே கேட்டுவிட்டு, "ஒரு வருசம்னா எம்மாம் நாளு!" என்றார், யாரோ கை நிறையக் கொடுத்தது போல. வல்லக்கோட்டைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். நாய் அவரை அடையாளம் தெரியாமல் ஒரு முறை குரைத்தது.

அதற்கு அடுத்த வாரம் நான் கிளம்பினேன். யாரோடும் சண்டை போடாமல் ஓர் ஊரை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

ஒரு வருடம் தாண்டியிருக்கும். ஓசூரில் இருந்து பட்டணத்துக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு போன லாரியில் வந்துகொண்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, பென்னலூர் தாண்டி ஒரு சைக்கிள்காரன் பின்னால் ஏறி, மிச்சத்தை நடந்து போய்ச் சேர்ந்தேன். வழி முழுக்க, குடிசை வாசலில் அவர் மட்டும் இருந்தால் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

வாசலில் அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்குக் கீழே அது. வயிறு பருத்து, மீசை முளைத்து, மடிந்த காதில் ஒரு புதுக் கடிகாயத்தோடு. என் செருப்புச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கியது. மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. எழுந்து வந்து வாலை ஆட்டும் என்று குனிந்து கையை நீட்டினேன்.

அது எழுந்தது, ஆனால் என் பக்கம் வரவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் அவர் முதுகுக்குப் பின்னால் சுவரோடு ஒண்டி உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டையும் மடக்கி வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டது.

அண்ணாத்தே திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டில் அதிரச் சிரித்தார். "தோ பாரு, உன்ன மறக்கல பாரு! கால மறைச்சிக்கிறா! யம்மா, ஊசிக்காரன் வன்ட்டான், ஓடு ஓடு!"

அன்று அங்கேயே சாப்பிட்டேன். மேஸ்திரி ஸ்ரீபெரும்புதூர் போய் மீன் வாங்கி வந்தார். நாய் அதன் தட்டை ஒரு பருக்கை விடாமல் காலி செய்தது, என் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே. முள்ளை ஒதுக்கி ஒரு துண்டு மீனை என் கையில் வைத்து நீட்டினேன். வெகு நேரம் யோசித்தது. பிறகு கழுத்தை மட்டும் எட்டும் அளவுக்கு நீட்டி, கால்களை நகர்த்தாமல், நுனிப் பல்லால் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் அவருக்குப் பின்னால் போய்விட்டது.